ஸ்டெல்லாவின் குற்றம்

உலகத்தாரின் நீதி சில சமயங்களில் மிகவும் விசித்திரமாக இருக்கிறது. மறைவில் நடக்கும் தவறைக் கண்டும் காணாமல் இருந்துவிடுகிறது. அதைச் சீர்செய்து கொள்ள ஒருவர் முன்வந்தாலோ, உடனே தண்டாயுதத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுகிறது. பெனிலோப்பி ரிச் சீமாட்டியின் சரித்திரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணந்தான் உண்டாகிறது.

இங்கிலீஷ் இலக்கியம் பயின்றவர்கள் இவளை வேறொரு பெயரால் அறிவார்கள். ஸர் பிலிப் ஸிட்னி, 'ஸ்டெல்லா', அதாவது நட்சத்திரம், என்று அழைத்துப் பாடியது இவளைத்தான். அப்பாடல்களை நான் கலாசாலையில் படித்தேன். இன்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். கவியின் காதலுக்குப் பாடப் புஸ்தகத்தில் பக்கம் பக்கமாக விளக்கம் உண்டு. அந்த நட்சத்திரத்தின் கதி என்னவாயிற்று என்பதற்கு ஒரு வரி கூடக் கிடையாது. ஒரு நாள் மாணவி ஒருத்தி எழுந்து அதைக் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்லுகிறேன்.

பெனிலோப்பி 1563-இல் பிறந்தவள். எஸ்ஸெக்ஸ் பிரபுவின் குமாரி. அவளை ஸிட்னிக்குக் கொடுக்க வேண்டுமென்று விரும்பிய தகப்பனார் 1576-இல் காலமானார். 1581-இல் பெரியவர்கள் அவளை ரிச் பிரபுவுக்கு மணம் முடித்தார்கள். 'ரிச்' என்றால் பணக்காரன். பெயருக்கேற்ற செல்வம் அவனிடம் இருந்தது. பெண்ணின் மனத்தை யாரும் பெரிதாக எண்ணவில்லை.

பின்னர் அவள் சார்லஸ் பிளௌண்ட் என்ற வீரனிடம் அன்பு வைத்தாள். அவனுக்குக் குழந்தைகளும் பெற்றாள். ராஜசபை முழுவதும் அறிந்த ரகசியம் இது. ஆயினும் புருஷன் வாய் திறக்கவில்லை. மைத்துனன் எஸ்ஸெக்ஸ் அப்போது எலிஸபெத் ராணியின் அன்புக்குப் பாத்திரமானவன். 1601-இல் அவன் ராஜத் துரோகத்திற்காகச் சிரச்சேதம் செய்யப்பட்டான். அதன் பிறகே ரிச் பிரபுவுக்கு மானம் நினைவுக்கு வந்தது!

அப்போதும் சபை அவளை ஒதுக்கவில்லை. 1605 ஜனவரியில், பென் ஜான்ஸன் இயற்றிய கூத்தொன்றில் ஆன் ராணியுடன் சேர்ந்து நடனமாடினாள். அவ்வருஷம் நவம்பரில் சமய நீதிஸ்தலம் தம்பதிகளைப் பிரித்து வைத்தது. ஒருவர் உயிரோடிருக்கும் வரை மற்றவர் மறுமணம் செய்யலாகாது என்றும் விதித்தது. விதியை மீறி, டிசம்பர் 26-ஆம் தேதி அவள் பிளௌண்டை மணந்தாள். ஜேம்ஸ் அரசர் கடுங்கோபம் கொண்டார். சபையின் கதவு அடைபட்டது. 1606 ஏப்ரலில் பிளௌண்ட் இறந்தான். 1607 ஜூலையில் அவளும் மறைந்தாள்.

அவளுடைய நடத்தையை நான் புகழ வரவில்லை. ஆனால் வருஷக் கணக்காக வெட்கப்படாத ஒரு சபை, விவாகத்தைக் கண்டு வெட்கப்பட்டதே, அதை என்னவென்று சொல்லுவது?

அம்மணத்தை நடத்தி வைத்த வில்லியம் லாட் என்னும் பாதிரியார் பிற்காலத்தில் காண்டர்பரியின் ஆர்ச் பிஷப் ஆனார். அந்தத் தேதியை அவர் ஆயுள் முழுவதும் பிராயச்சித்த தினமாக அனுஷ்டித்தார். மனமில்லாத இடத்தில் அவளைக் கொடுத்தவர்கள் 1581-ஆம் வருஷத்து விவாகத்திற்காக ஒரு வேளையாவது பட்டினி இருந்ததாகச் சரித்திரம் சொல்லவில்லை.