இரைப்பு, இழுப்பு, இளைப்பு

மூச்சு நோய்க்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. இரைப்பு, இழுப்பு, இளைப்பு, ஈளை என அடுக்கிக்கொண்டே போகலாம். இரைப்பு நெஞ்சில் எழும் ஓசையைச் சொல்கிறது. இழுப்பு மூச்சுக்காகப் படும் பாட்டை. இளைப்பு அதன்பின் வரும் சோர்வை. நோயாளியின் அருகில் விழித்திருந்தவர்கள் படைத்த சொற்கள் இவை. ஆயினும் நோய் எங்கிருந்து வந்தது என்பதை இவற்றுள் ஒன்றேனும் சொல்வதில்லை. (இன்று மருத்துவமனைகளில் வழங்கும் 'வீசிங்' என்பதும் ஓசைப் பெயரே.)

தமிழ் கற்பிக்கும் எங்களுக்கு இது சொல்லாராய்ச்சியாகத் தொடங்கவில்லை. சென்னையில் பேருந்துகளும் லாரிகளும் ஓயாத சாலையை ஒட்டியது எங்கள் வீடு. இளைய மகளுக்கு நான்கு வயதில் இழுப்பு வந்தது. மார்கழிப் பனியும் போகிப் புகையும் கலக்கும் நாள்களில் நள்ளிரவில் நெபுலைசர் வைக்க ஓடுவோம். மருத்துவச் சீட்டில் பெயர், வயது, எடை எழுதுவார்கள். குடும்பத்தில் எவருக்கேனும் ஆஸ்துமா உண்டா, பூனை வளர்க்கிறீர்களா என்று கேட்பார்கள். வீடு எந்தச் சாலையில் இருக்கிறது என்று எவரும் கேட்டதில்லை.

கேட்கவேண்டிய கேள்வி அது. குழந்தை தன் எடைக்கு ஒப்பிட நம்மைவிட மிகுதியான காற்றை உள்ளிழுக்கிறது. வாகனப் புகை வெளிப்படும் உயரத்துக்கு அருகிலேயே நடக்கிறது. நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் பெரும்பாலானவை பிறந்த பிறகே உருவாகின்றன. பதின்பருவம் வரை அவ்வுறுப்பு வளர்கிறது. தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே உள்ள பி.எம். 2.5 துகள்கள் அந்த ஆழம் வரை செல்பவை. ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் இவை 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என 2009இல் இந்தியா வரையறுத்தது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவு 5.

சாலையைப் பற்றிய அந்தக் கேள்வியை இலண்டனில் ஒரு தாய் மரண விசாரணை வரை கொண்டு சென்றார். தென்கிழக்கு இலண்டனின் லூயிஷம் பகுதியில், சவுத் சர்குலர் சாலைக்கு ஏறத்தாழ 30 மீட்டர் தொலைவில் வாழ்ந்த சிறுமி எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா. மூன்று ஆண்டுகளுக்குள் முப்பது முறைக்குச் சற்றுக் குறைவாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 2013 பிப்ரவரியில் ஒன்பது வயதில் இறந்தாள். 2014இல் நடந்த விசாரணை கடும் ஆஸ்துமாவையும் மூச்சுச் செயலிழப்பையும் பதிவு செய்து முடிந்தது. காற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆசிரியையான தாய் ரோசமண்ட் விடவில்லை. 2019இல் உயர்நீதிமன்றம் பழைய முடிவை நீக்கியது. 2020 டிசம்பரில், மறுவிசாரணை நடத்திய அதிகாரி, இறப்புக்கான காரணங்களுள் காற்று மாசையும் எழுதினார். பிரித்தானியாவில் ஒருவரின் இறப்புக்கு அப்படி எழுதப்பட்டது அதுவே முதன்முறை. ஒரு சொல்லைச் சேர்க்க ஏழு ஆண்டுகளுக்கு மேல்!

அந்தத் தீர்ப்பில் எங்களை வருத்திய பகுதி வேறு. காற்று மாசு ஆஸ்துமாவைக் கிளறும் என்று தாய்க்கு எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், இறப்பைத் தவிர்த்திருக்கக்கூடிய நடவடிக்கைகளை அவர் எடுத்திருப்பார் என்றார் அதிகாரி. உண்மைதான். எங்களுக்குத் தெரிந்தபின் நாங்களும் வீடு மாற்றினோம். சாலையிலிருந்து நான்கு தெரு உள்ளே, கூடுதல் வாடகைக்கு. எங்கள் பழைய வாசலில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மாவின் பேரனுக்கும் இழுப்பு உண்டு. அவரிடம் எந்தத் தகவலைச் சொல்வது? கடையே அந்தச் சாலையால்தான் நடக்கிறது.

குடும்பங்கள் இடம் மாறாமலே காற்று மாறிய ஊர்களும் உண்டு. தெற்குக் கலிஃபோர்னியாவின் ஐந்து ஊர்களில், வெவ்வேறு ஆண்டுகளில் வளர்ந்த மூன்று தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகளின் நுரையீரல் திறனை ஆய்வாளர்கள் அளந்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். வாகனங்கள், எரிபொருள் மீதான கட்டுப்பாடுகளால் இடைப்பட்ட காலத்தில் அங்கே காற்று தூய்மையாகி வந்தது. பதினைந்து வயதில் நுரையீரல் திறன் குறைந்திருந்தோர் முதல் தொகுதியில் 7.9 விழுக்காடு, கடைசித் தொகுதியில் 3.6. ஆஸ்துமா இருந்த பிள்ளைகளுக்கும் இல்லாத பிள்ளைகளுக்கும் மூச்சு வளர்ந்திருந்தது.