முள்ளின்மேல் பழி

விடுமுறையில் தையல் கற்றவர்கள் நம்மில் உண்டு. கணினி கற்றவர்களும் உண்டு. அக்கா தங்கையரான நாங்கள் இருவரும் 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் பாடம் கற்றதோ, ஒரு பழைய காரின் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு!

அந்த விடுமுறைக்குப் பாட்டியுடன் இங்கிலாந்தில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குச் சென்றிருந்தோம். ஆக்ஸ்போர்டு நகருக்கு அருகில் அவர் வீடு. அவரிடம் 1972இல் செய்யப்பட்ட எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உண்டு. இருவர் மட்டுமே அமரலாம். துணிக்கூரையை மடித்துவிட்டால் வானமே கூரை! ஆக்ஸ்போர்டில் வில்லியம் மோரிஸ் தொடங்கிய 'மோரிஸ் கராஜஸ்' என்ற பெயரின் முதலெழுத்துகளே எம்.ஜி. ஆயின. 1962 முதல் 1980 வரை இவ்வகைக் கார்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றனவாம். அவை உருவான ஆபிங்டன் தொழிற்சாலை 1980 அக்டோபரில் மூடப்பட்டது.

வயதான அந்தக் காரின் உட்புறத்தைப் புதுப்பிக்கச் சித்தப்பா விரும்பினார். "மெக்கானிக் வேண்டாம். நீங்க ரெண்டு பேரும்தான் எனக்கு மெக்கானிக்" என்றார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

இருக்கைகளுக்குப் பின்னால் ஆறு வோல்ட் பேட்டரிகள் இரண்டு இருந்தன. முதலில் அவற்றின் இணைப்பைக் கழற்றினோம். பிறகு எந்த வயர் எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றிலும் காகிதச் சீட்டு ஒட்டினோம். மங்கிப்போன பெட்ரோல் மீட்டரையும் வெப்ப மீட்டரையும் எடுத்துவிட்டு, ஒரு கடையிலிருந்து தபாலில் வந்த வேறு இரண்டைப் பொருத்தினோம். எரியாத சிறு பல்புகளை மாற்றினோம். ஸ்டியரிங் சக்கரத்துக்குத் தோலுறை போட்டு நூலால் தைத்தோம். தையல் வகுப்பு வீண்போகவில்லை! கியர் கம்பிக்கு மரக்குமிழும், காலடிக்குப் புதுக் கம்பளமும் வந்தன.

வேலையின் நடுவே சித்தப்பா ஒன்று சொல்லிக்கொடுத்தார். வீட்டில் விளக்குக்கு இரண்டு வயர் வேண்டும். காரில் பெரும்பாலும் ஒரு வயரே போதும். மின்சாரம் திரும்பிச் செல்லும் வழியாகக் காரின் இரும்பு உடலே பயன்படுகிறது. இதற்கு 'எர்த்' என்று பெயர். டாஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியை விடச் சிறிய தகரப் பெட்டி ஒன்று, ஒரே திருகாணியில் நின்றது. அதுதான் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் கூடினாலும் குறைந்தாலும், அது சராசரியாகப் பத்து வோல்ட் மட்டுமே இரண்டு மீட்டர்களுக்கும் அனுப்பும். "திருகாணி தொடுற இடத்துல இரும்பு பளபளன்னு இருக்கணும், தெரியுதா?" என்றார். நாங்களும் தலையாட்டினோம்.

மறுநாள் அவர் அலுவலகம் சென்றிருந்தபோது டாஷ்போர்டுக்குக் கறுப்பு வண்ணம் அடித்தோம். கை ஓயவில்லை. யார் கண்ணுக்கும் தெரியாத பின்புறத்துக்கும் அடித்தோம். காய்ந்ததும் ஸ்டெபிலைசரை வண்ணத்தின் மேலேயே வைத்துத் திருகிவிட்டோம்.

கார் மணப்பெண்போல் மின்னியது. ஆனால் ஓட்டிப் பார்த்தபோது வெப்ப முள் மெல்ல மெல்ல ஏறி 'எச்' என்னும் எழுத்தை நெருங்கியது. சித்தப்பா பதறி நிறுத்தினார். தண்ணீர் குறையவில்லை, எஞ்சினிலும் கோளாறு இல்லை. "புது மீட்டர் சரியில்லை போலிருக்கு" என்றார். பெட்ரோல் முள்ளை யாரும் சந்தேகிக்கவில்லை. அதிகமாகக் காட்டும் முள்ளை யார்தான் சந்தேகிப்பார்கள்!

எங்கள் சித்தி மருத்துவமனையில் நர்ஸ். ஞாயிறு இரவு அவருக்கு டியூட்டி. கொண்டுபோய் விடச் சித்தப்பா அந்தக் காரையே எடுத்தார். கால் டாங்க் பெட்ரோல் இருப்பதாக முள் காட்டிக்கொண்டிருக்கும்போதே, நடுவழியில் கார் நின்றுவிட்டது. டாங்க்கில் ஒரு சொட்டும் இல்லை! சித்தி பஸ் பிடித்துப் போய்ச் சேர ஒரு மணி நேரம் தாமதமாயிற்று. பகல் முழுதும் நின்று உழைத்த இன்னொரு நர்ஸ், சித்தி வரும்வரை வீடு திரும்ப முடியாமல் காத்திருந்தாராம்.

சித்தப்பாவுக்குக் கடும் கோபம். அன்றிரவே அந்தக் கடைக்காரருக்குக் கடிதம் எழுதினார்: இரண்டு மீட்டர்களும் பழுது, பணத்தைத் திருப்பித் தரவேண்டும்!

படுக்கையில் எங்களுக்கு உறக்கம் வரவில்லை. ஒரு மீட்டர் கெட்டிருக்கலாம். இரண்டும் ஒரே நாளில், ஒரே விதமாகக் கூடுதலாகக் காட்டுமா? இரண்டுக்கும் பொதுவானது ஒன்றே ஒன்றுதான். அது நாங்கள் வண்ணத்தின் மேல் திருகிய தகரப் பெட்டி! வண்ணம் மின்சாரத்தின் வழியை மறித்துவிட்டது. எர்த் கிடைக்காத ஸ்டெபிலைசர், பேட்டரியின் முழு மின்சாரத்தையும் அப்படியே மீட்டர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. முட்கள் பாவம், என்ன செய்யும்?

உண்மை புரிந்ததும் மகிழ்ச்சி வரவில்லை, அச்சம்தான் வந்தது. பேசாமல் இருந்தால் பழி கடைக்காரரோடு போகும். அவரை நாங்கள் பார்த்ததுகூட இல்லை. 'இரகசியமாகச் சுரண்டிவிட்டால் என்ன?' என்றுகூடக் கிசுகிசுத்தோம். ஆனால் அந்தக் கடிதம் மேசைமேல் இருந்தது. விடிந்தால் தபாலில் போய்விடும்.

காலையில் சித்தப்பா காப்பி குடித்து முடிக்கும்முன் சொல்லிவிட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் எங்கள் கையில் உப்புத்தாளைக் கொடுத்தார். திருகாணி இருந்த இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வண்ணத்தைத் தேய்த்து எடுத்தோம். வெள்ளை இரும்பு தெரிந்தது. இறுகத் திருகினோம். கார் ஓடியதும் வெப்ப முள் நிதானமாக எழுந்து நடுவில் நின்றது. அந்தக் கடிதத்தைச் சித்தப்பா கிழித்துப் போட்டார்.

சித்தியிடம் மன்னிப்புக் கேட்டபோது அவர் சொன்னார்: "என்னை விடுங்கம்மா. எனக்காகக் கால் கடுக்க நின்னவளுக்கு என்ன பதில்?" அன்று மாலை பாட்டியின் உதவியால் முறுக்குச் சுட்டு, நடந்ததை ஒரு தாளில் எழுதி, முகம் அறியாத அந்த நர்ஸுக்குச் சித்தி மூலம் அனுப்பினோம். டப்பா காலியாகத் திரும்பி வந்தது. உள்ளே எங்கள் இருவர் பெயருக்கும் ஒரு நன்றிச் சீட்டு இருந்தது.

காரைப் பார்ப்பவர்கள் எல்லாரும் டாஷ்போர்டின் மினுமினுப்பைப் புகழ்கிறார்கள் என்று சித்தப்பா போனில் சொல்கிறார். எங்கள் நினைவில் நிற்பதோ, அதன் பின்னால் வண்ணம் இழந்து கிடக்கும் அந்த நாணயம் அளவு இடம்தான்.