மணவூர்ல ஏறு... அறிவு ஊர்ல இறங்கு!

ஊட்டி, கொடைக்கானல், பாண்டிச்சேரின்னு வாட்ஸ்அப் குரூப்ல பிளான் போட்டு, அந்தக் குரூப்புக்குள்ளேயே முடிஞ்சுபோன டூர் உங்க கணக்குல எத்தனை பாஸ்? கவலையை விடுங்க. இந்த வாரம் நாம போற டூருக்கு ரூம் புக்கிங் வேண்டாம், ஹெச்.ஓ.டி. கையெழுத்து வேண்டாம். ஒரு எலெக்ட்ரிக் ட்ரெயின் டிக்கெட், ஒரு தண்ணி பாட்டில், ஒரு இயர்போன். அவ்ளோதான் லக்கேஜ்!

ஸ்பாட்: மணவூர். சென்னை சென்ட்ரலை ஒட்டின மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்ல, அரக்கோணமோ திருத்தணியோ போற வண்டியில ஏறுங்க. எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கிற வண்டியான்னு மட்டும் பார்த்துக்குங்க. திருவள்ளூர், கடம்பத்தூர், செஞ்சி பானம்பாக்கம் தாண்டினா அடுத்தது மணவூர்தான்.

'அங்க என்ன இருக்கு?'ன்னு கேட்கிறீங்களா? அருவி கிடையாது, போட்டிங் கிடையாது, செல்ஃபி பாயின்ட்டும் கிடையாது. ஆனா, இங்கிருந்து நாலாவது ஸ்டேஷன் அரக்கோணம். 'தெருக்குறள்' அறிவோட சொந்த ஊர். நம்மளை மாதிரியே இன்ஜினீயரிங் படிச்ச பையன். பெரிய கூட்டத்தோட மேடை ஏறி, கைத்தட்டல் வாங்கி, அப்புறம் தனி ஆளா நின்ன ராப்பர். அந்தக் கதையை யூடியூப்ல பார்க்கிறதைவிட, அவர் ஊருக்குப் போற பாதையில ஸ்டேஷன் ஸ்டேஷனாப் பார்த்தா எப்படி இருக்கும்? வாங்க, போலாம்!

மணவூர்: ஊர் பேர்தான் முதல்ல!

முதல்ல உங்க காலுக்குக் கீழ இருக்கிற தண்டவாளத்துக்கு ஒரு சல்யூட். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ஓடுச்சே... அது போன வழி இதுதான்.

அடுத்து, ஊர். சோழர் கல்வெட்டுகள்ல 'மணவில்'னு ஒரு ஊர் வருது. அதுதான் இந்த மணவூர்ங்கிறது வரலாற்று ஆய்வாளர்கள் கருத்து. முதலாம் குலோத்துங்கன், விக்கிரம சோழன் காலத்துல பெரிய தளபதியா இருந்த நரலோகவீரன் இந்த ஊர்க்காரர். சிதம்பரம் கோயில்ல ஏகப்பட்ட திருப்பணி செஞ்சவர். தேவாரப் பாடல்களைச் செப்பேட்டில் எழுத வெச்சவர்னு சிதம்பரம் கல்வெட்டு சொல்லுது. அதெல்லாம் இருக்கட்டும். அவரோட இன்னொரு பேர் என்ன தெரியுமா? மணவிற் கூத்தன்! எவ்வளவு பெரிய ஆளானாலும் ஊர் பேரை முன்னால போட்டுத்தான் தன் பேரைச் சொல்லியிருக்கார்.

ராப்பும் இதே கேஸ்தான். எந்த ஊர், எந்தத் தெருன்னு சொல்லாத ராப்பரைப் பார்க்கவே முடியாது. லண்டன் 'போ' ஏரியாவுல இருந்து வந்த டிஸ்ஸி ராஸ்கலை எடுத்துக்குங்க. 'ரோல் டீப்'ங்கிற பெரிய கூட்டத்துல ஒருத்தரா இருந்தவர், 2003-ல 'பாய் இன் டா கார்னர்'னு தனி ஆல்பம் போட்டு, அந்த வருஷத்து மெர்க்குரி பரிசைத் தட்டிட்டுப் போனார். நம்ம பக்கத்துல யோகி பி. மலேசியாவில் 1990-கள்ல 'பொயட்டிக் அம்மோ' குழுவில் கலக்கினவர், 2006-ல 'நட்சத்திரா'வோட சேர்ந்து 'வல்லவன்'னு முழுத் தமிழ் ஆல்பம் கொண்டு வந்தார். மறுவருஷமே 'பொல்லாதவன்' படத்துல அவர் குரல் கேட்டு நம்ம அண்ணன்கள் எல்லாம் ஆடினாங்க.

ஆனா, கூட்டத்தை விட்டுத் தனியா வர்றதுல ஒரு சிக்கல் இருக்கு. கூட்டமா இருக்கும்போது பேர் எல்லாருக்கும் பொது. தனியா வந்ததும், 'இது யார் பாட்டு?'ங்கிற கேள்வி வரும். 'ஃப்யூஜீஸ்' குழுவுல இருந்து வந்த அமெரிக்கப் பாடகி லாரின் ஹில், 1998-ல போட்ட முதல் தனி ஆல்பத்துக்கு கிராமி விருதுகள் குவிஞ்சது. கூடவே, 'எங்க உழைப்புக்குப் பேர் போடலை'ன்னு அதுல வேலை பார்த்த இசைக்கலைஞர்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. 2001-ல சமரசம் ஆச்சு. இந்தக் கேள்வியை அப்படியே பாக்கெட்ல போட்டுக்குங்க. வண்டி வந்துடுச்சு!

திருவாலங்காடு: ஆதிகால 'பேட்டில்'

அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு. கண்டிப்பா இறங்குங்க. நடராஜரின் ஐந்து சபைகள்ல ரத்தின சபை இங்கதான். சிவனுக்கும் காளிக்கும் நடந்த நடனப் போட்டியில, சிவன் ஒரு காலைத் தலைக்கு மேல தூக்கி ஆடி ஜெயிச்சதா தலபுராணம். நேருக்கு நேர் நின்னு, சுத்தி ஆடியன்ஸ் வெச்சு, ஜெயிக்கிற வரைக்கும் விடாம... ஹிப்ஹாப்காரங்க 'பேட்டில்'னு சொல்றது வேற என்ன பாஸ்?

அதைவிட முக்கியமான ஆள் இங்க இருக்காங்க. காரைக்கால் அம்மையார். வீடு, வாசல், அழகு எல்லாத்தையும் உதறிட்டு, பேய் உருவம் கேட்டு வாங்கிக்கிட்டு, இந்த ஆலங்காட்டுக்கு வந்து பாடினவங்க. தேவாரம் பாடின மூவருக்கும் முன்னாடி காலத்தவங்க. அவங்க பதிகத்தோட கடைசிப் பாட்டுல தன்னை எப்படிச் சொல்லிக்கிறாங்கன்னு பாருங்க: 'காரைக்கால் பேய்'! சொந்த ஊர் பேர், கூடவே தானே தேர்ந்தெடுத்த பட்டப்பேர். பாட்டுக்குள்ளேயே கையெழுத்து. இன்னிக்கு ராப்பர்கள் டிராக்ல தன் பேரைச் சொல்றாங்களே, அதேதான்.

இன்னொண்ணு. 1905 வாக்கில் இந்த ஊர்ல கிடைச்ச ராஜேந்திர சோழனோட செப்பேடுகள் உலக ஃபேமஸ். அதுல ராஜா பேர், ராஜாவோட தாத்தா பேர் மட்டும் இல்லை. அதிலுள்ள வடமொழிப் பகுதியை எழுதின கவிஞர் பேரும், செம்புத் தகட்டுல எழுத்தை வெட்டினவங்க பேரும் சேர்ந்தே இருக்கு. சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே 'கிரெடிட்ஸ்' போட்டிருக்காங்க!

மோசூர், புளியமங்கலம்: 19 பேர், ஒரு மேடை

இங்கிருந்து மோசூர், புளியமங்கலம்னு ரெண்டு சின்ன ஸ்டேஷன். ஜன்னலோரம் உட்கார்ந்து இயர்போனை மாட்டுங்க. பிளே பண்ண வேண்டியது 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'.

2017-ல இயக்குநர் பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து தொடங்கின குழு இது. 'சாதியற்ற தமிழர்கள்'னு அயோத்திதாசப் பண்டிதர் சொன்னதுல இருந்து வந்த பேர். கானா, பறை, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில. 19 பேர்! 2018 ஜனவரி 6-ம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்துல முதல் கச்சேரி. அதுவரைக்கும் சாவு வீட்டுப் பாட்டுன்னு ஒதுக்கப்பட்ட கானாவும் பறையும், கோட் போட்டு நடு மேடையில நின்னது. இடஒதுக்கீடு பற்றியும், மாட்டுக்கறி பற்றியும் சுளீர்னு பாடின அந்தக் குழுவின் ராப்பர்தான் அறிவு.

அந்த வருஷமே 'காலா'வில் 'உரிமையை மீட்போம்' பாட்டுக்கு வரிகள் எழுதினார். 2019-ல இசையமைப்பாளர் ஆஃப்ரோவோட சேர்ந்து 'தெருக்குறள்'னு தனி ஆல்பம். பேரைக் கவனிச்சீங்களா? ஓர் எழுத்தை மாத்தி, குறளைத் தெருவுக்குக் கொண்டு வந்துட்டார். சினிமாவிலும் கொடி பறந்தது. 2021-ல 'மாஸ்டர்' படத்தோட 'வாத்தி ரெய்டு' அவர் வரிகள்தான்; அனிருத்தோட சேர்ந்து பாடினதும் அவர்தான்.

ஒரு குழு ஒரு ஆளை மட்டும் வளர்க்கிறதில்லை பாஸ். அதே மேடையில இருந்து வந்த கானா பாடகி இசைவாணி, 2020-ல பி.பி.சி.யோட '100 பெண்கள்' பட்டியல்ல இடம் பிடிச்சாங்க. கூட்டம் நல்லா இருந்தா, அதுல இருந்து கிளம்புற ஒவ்வொருத்தரும் உயரப் போவாங்க.

அரக்கோணம்: வள்ளியம்மா பேரன்

ஜங்ஷன் வந்தாச்சு! நாலு பக்கமும் தண்டவாளம், பக்கத்துல 'ஐ.என்.எஸ். ராஜாளி' கடற்படை விமான தளம். ஊரே புறப்பாட்டுக்குன்னே கட்டின மாதிரி இருக்கும். இந்த ஊர்ல வாழ்ந்த வள்ளியம்மாள்தான் அறிவோட பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல வேலை பார்த்துட்டு, சொந்தமா ஒரு துண்டு நிலம்கூட இல்லாமத் திரும்பி வந்தவங்க.

இதுக்குப் பின்னால பெரிய வரலாறு இருக்கு. வெள்ளைக்காரன் காலத்துல நம்ம ஊர்க் கூலித் தொழிலாளர்களை இலங்கை மலைகளுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. காட்டை அழிச்சு காபி, அப்புறம் தேயிலை போட்டது அவங்க கை. 1948-ல இலங்கை குடியுரிமைச் சட்டம் அவங்கள்ல பெரும்பாலானவங்களை நாடில்லாதவங்க ஆக்கிடுச்சு. 1964-ல சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பணும், 3,00,000 பேரை இலங்கை ஏத்துக்கணும்னு தலையை எண்ணிப் பிரிச்சாங்க. உழைச்ச மண்ணும் சொந்தமில்லை, வந்த மண்ணும் சொந்தமில்லை.

பாட்டி சொன்ன இந்தக் கதைதான் 2021 மார்ச் 7-ம் தேதி வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி'யோட உயிர். தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரிச்ச பாட்டு. நம்ம காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல அதுக்கு ஆடாத டிபார்ட்மென்ட் உண்டா? அது ஆட்டம் போட வைக்கிற பாட்டு மட்டும் இல்லை. ஒப்பாரியும் அதுக்குள்ள இருக்கு. 'என் சாமி'ங்கிற கூப்பாடுதான் 'எஞ்சாமி' ஆச்சு.

இப்போ பாக்கெட்ல போட்ட கேள்வியை வெளிய எடுங்க. 2021 ஆகஸ்ட்ல 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில தீயும், கனடா வாழ் ஈழத்தமிழ் ராப்பர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தாங்க. 'எஞ்சாய் எஞ்சாமி'க்கும், 'சார்பட்டா பரம்பரை'யின் 'நீயே ஒளி'க்கும் பேனா பிடிச்ச அறிவு அதுல இல்லை. 'ஏன் இல்லை?'னு பா.ரஞ்சித் வெளிப்படையாவே கேட்டார். பிறகு அறிவு படத்தோட ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. குழுவை விட்டுத் தனியாப் போனவனுக்காக, குழுவைத் தொடங்கினவரே குரல் கொடுத்ததை இங்க அடிக்கோடு போட்டுக்குங்க.

2022 ஜூலை 28-ம் தேதி சென்னையில செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. அறிவு இல்லாம அந்தப் பாட்டு மேடை ஏறுச்சு. சில நாள்ல, இந்தப் பாட்டுக்காகத் தான் எவ்வளவு உழைச்சேன்னு அறிவு நீளமா எழுதினார். இது மூணு பேரோட கூட்டு உழைப்பு, உரிமையிலும் வருமானத்திலும் சம பங்குன்னு சந்தோஷ் நாராயணன் அறிக்கை விட்டார். எல்லா இடத்திலும் அறிவுக்கு உரிய இடம் கொடுத்தே பேசியிருக்கேன்னு தீயும் சொன்னாங்க. 2024 மார்ச்ல இன்னொரு அதிர்ச்சி. இந்தப் பாட்டுல தங்களுக்கு வருமானமே வரலைன்னு சந்தோஷ் நாராயணன் வீடியோ போட்டார்.

யார் பக்கம் நியாயம்னு தீர்ப்பு எழுத இது கோர்ட் இல்லை. ஆனா, நமக்கு இதுல பாடம் இருக்கு. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை நினைச்சுப் பாருங்க. ரிப்போர்ட் அட்டையில நாலு பேர். ராத்திரி கண் முழிச்சு சர்க்யூட் சால்டர் பண்ணினது ஒருத்தர். வைவாவில் பேசி மார்க் வாங்கினது இன்னொருத்தர். ரெண்டு பேருமே 'இது என் ப்ராஜெக்ட்'னு மனசார நம்புவாங்க! பாட்டு ஹிட்டாகிறதுக்கு முன்னாடி, ப்ராஜெக்ட் பரிசு வாங்கறதுக்கு முன்னாடி, 'யார் என்ன செய்யறோம்'னு ஒரு பேப்பர்ல எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுக்குங்க. நட்பும் மிஞ்சும், பேரும் மிஞ்சும்.

அறிவு என்ன செஞ்சார்? 'அம்பாசா'ன்னு சொந்தமா ஒரு பேண்டு வெச்சார். 2024-ல வந்த ஆல்பத்துக்கு 'வள்ளியம்மா பேராண்டி'ன்னு பேர் வெச்சார். தனியா வந்த ஆள் அட்டையில தன் பேரைப் பெருசாப் போட்டுக்குவார்னு பார்த்தா, பாட்டி பேரைப் போட்டு, 'நான் அவங்க பேரன்'னு நிக்கிறார். செப்பேட்டுலயும் கல்வெட்டுலயும் இடம் கிடைக்காத ஒரு தோட்டத் தொழிலாளியோட பேர் அது.

திருத்தணி: 365 படி

அரக்கோணத்தோட திரும்பிடாதீங்க. அடுத்த வண்டியைப் பிடிச்சா கொஞ்ச நேரத்துல திருத்தணி. ஆந்திராவில் இருந்த இந்த ஊர், ம.பொ.சி. முன்னின்ற எல்லைப் போராட்டத்துக்கு அப்புறம் 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் நம்ம பக்கம் வந்தது. பிளாட்பாரத்துல இன்னிக்கும் ஒரு காதுல தமிழ், ஒரு காதுல தெலுங்கு. இதே பாதையில பொன்பாடி தாண்டி ஆந்திராவுக்குள்ள நுழைஞ்சதும் வர்ற ஸ்டேஷன் பேர் 'வேங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை'. ஒரே மூச்சுல சொல்ல முடிஞ்சா நீங்களும் ராப்பர்தான்!

மலைக்கு 365 படி. நாளைக்கு ஒண்ணுன்னு ஒரு வருஷக் கணக்கு. கோபம் தணிஞ்ச முருகன் வள்ளியைக் கைப்பிடிச்சது இங்கதான்னு புராணம். அதனாலதானோ என்னவோ, இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு வள்ளி. படியேறும்போது கூட வர்ற பாட்டிகள்கிட்ட பேச்சுக் கொடுத்துப் பாருங்க. பாதிப் பேராவது ஒரு பாட்டு வெச்சிருப்பாங்க: நடவுப் பாட்டோ, தாலாட்டோ, ஒப்பாரியோ. போன்ல ரெக்கார்ட் பண்ணலாமான்னு கேட்டுட்டுப் பண்ணுங்க. பாடினவங்க பேரையும் ஊரையும் மறக்காம ஃபைல் பேர்ல சேர்த்துடுங்க.

இறங்கும்போது சென்னை வண்டி நேரத்தைப் பார்த்துக்குங்க. ராத்திரியானா வண்டி குறைவு. சீட் கிடைச்சதும் 'வள்ளியம்மா பேராண்டி'யை முதல் டிராக்ல இருந்து போடுங்க. பாட்டு முடிஞ்சதும் அடுத்ததுக்குத் தாவாம, கீழே கிரெடிட்ஸை ஒரு தடவை படிச்சுப் பாருங்க. தாளம் யாரு, கோரஸ் யாரு, மிக்ஸிங் யாருன்னு நிறையப் பேர் இருக்கும். மணவூர் வர்றதுக்குள்ள படிச்சு முடிச்சிடலாம்.