இயந்திரம் என்னும் எதிராளி

கலைப்பீட மாணவனொருவன் வீடியோ விளையாட்டைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். யப்பானின் கப்கொம் நிறுவனம் 1991இல் வெளியிட்ட ‘ஸ்ரீற் பைற்றர் 2’ என்னும் சண்டை விளையாட்டை, 2018இல் வந்த தொகுப்பொன்றின் வாயிலாக விடுதி அறையிலேதான் நான் அறிந்தேன். என் மடிக்கணினியின் ஒரே விசைப்பலகையை நானும் அறைத்தோழனும் பங்கிட்டுக்கொண்டோம். முழங்கைகள் மோதிக்கொண்டதும் சண்டையின் ஒரு பகுதியே!

தெரிவதற்கு எட்டு வீரர்கள். மூன்று குத்துகள், மூன்று உதைகள். அடி வலியதாயின், அது தவறியபின் மீள்வதற்கும் நேரம் செல்லும். அவ்விடைவெளியில் எதிராளி புகுந்துவிடுவான். ரியூ என்பவன் தீப்பந்து எறிவான். அதனைத் தாண்டிக் குதித்தால் வெல்லலாம். அவன் எறியாதிருக்கையில் குதித்தாலோ, மேல்நோக்கிய குத்தொன்று காத்திருக்கும். ஆகவே நாம் படிக்க வேண்டியது திரையையன்று, அருகிலிருப்பவனின் மனத்தை. என் தோழன் இரண்டு பந்துகளின் பின் மூன்றாவதையும் எறிவான் என்பதைக் கண்டுகொண்டு சில நாட்கள் வென்றேன். பின்னர் அவன் மூன்றாவதை எறியாது விட்டான். நான் குதித்தேன், வீழ்ந்தேன்.

அடிமேல் அடியாகத் தடுக்கவியலாது தொடரும் ‘கொம்போ’ முறை, ஆக்கியோர் திட்டமிட்டதன்று. தற்செயலாய் நேர்ந்ததை அவர்கள் நீக்காது விட்டனர். பிற்காலச் சண்டை விளையாட்டுகள் பலவற்றுக்கு அதுவே அடித்தளமாயிற்று.

குறைகளும் உள. இந்தியரான தால்சிம்மைப் பாருங்கள்: கழுத்தில் மண்டையோட்டு மாலை, வாயில் நெருப்பு, பின்னணியில் யானைகள். யோகம் என்றால் கைகால்கள் நீளும் வித்தை என எண்ணிவிட்டார்கள் போலும். எனினும் நான் பெரிதும் விரும்பியாடியது அவரையே என்பதை மறைப்பதற்கில்லை.

சென்ற ஆண்டு, தந்தையார் நோயுற்றமையால் தோழன் படிப்பை இடைநிறுத்தி ஊர் சென்றான். எஞ்சிய எதிராளி இயந்திரம் மட்டுமே. அப்போதுதான் பெருங்குறையை அவதானித்தேன். கைல் என்னும் வீரனை நாம் இயக்கினால், விசையைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்த பின்னரே அவனது சிறப்புத் தாக்குதல்கள் கைகூடும். இயந்திரம் இயக்கும் கைலோ முன்னோக்கி நடந்தவாறே அவற்றைச் செய்கிறான். தான் விதித்த விதியைத் தானே மீறும் ஒருவனிடம் தோற்பதில் கற்பதற்கு என்ன உண்டு?

தொலைபேசியில் இதனைச் சொன்னபோது தோழன் நெடுநேரம் சிரித்தான். பின்னர், “மூன்றாவது பந்துக்கு இன்னும் குதிக்கிறாயா?” என்று கேட்டான்.