புறவினம்

பாலக்கரையில் ஒரு மொட்டைமாடியில் மாதாமாதம் பூசத்தன்று கூடும் சன்மார்க்க சங்கத்துக்கு நான் போனது பக்தியால் அல்ல. கூட வேலை பார்த்த அண்ணன் ஒருத்தர், "அன்னதானத்துக்கு ஆள் பத்தல, பூசணிக்காய் நறுக்க வாப்பா" என்று கூப்பிட்டார். போனேன். அகவல் படித்தார்கள். 1596 அடி. பாதியில் எனக்குக் கால் மரத்துவிட்டது. அப்புறம் தெருவில் பந்தி. ஆட்டோக்காரர், பழைய பேப்பர் எடுக்கிறவர், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் என்று யார் யாரோ உட்கார்ந்தார்கள். ஒருவரையும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் என்னை மறுபடி இழுத்தது. நாலாவது மாதம் கறி, மீனை விட்டேன்.

வள்ளலார் 1865இல் சங்கம் தொடங்கினார். 1867 மே 23இல் வடலூர் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாதி, சமயம் எதுவும் அங்கே குறுக்கே வரக்கூடாது என்றார். ஆனால் ஒரு கோடு மட்டும் போட்டார்: கொலையும் புலாலும் விடாதவர்கள் புறவினத்தார். அவர்களுக்கும் பசியாற்ற வேண்டும், ஆனால் அதோடு சரி.

இதைப் படித்த அன்று எங்கள் வீட்டில் விரால் மீன் குழம்பு. அம்மா எனக்குத் தனியாக ரசம் வைத்திருந்தாள். என்னைப் பெற்றவள் புறவினம், நான் அகவினம். மென்று விழுங்கக் கஷ்டமாக இருந்தது, ரசம்தான் என்றாலும்.

போன வருடம் அம்மாவின் முழங்கால் வலிக்காகத் தரைத்தள வீடு தேடினேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு பிடித்திருந்தது. வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "நீங்க வெஜ் தானே?" வாடகைக்கு வீடு தேடிய எவருக்கும் தெரியும், அது காய்கறியைப் பற்றிய கேள்வி இல்லை. நான் ரெண்டு வருடமாகச் சைவம். "ஆமாங்க" என்றேன். உண்மைதான். ஆனால் அவர் முகம் மலர்ந்ததும் பொய் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. என் சைவத்தை அவர் வேறு கணக்கில் வரவு வைத்துக்கொண்டார். "அம்மா?" என்றார் அடுத்து. யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். இன்னும் பாலக்கரையில்தான் இருக்கிறோம், மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டு.

கோடு இரண்டு இடத்திலும் இருக்கிறது. ஸ்ரீரங்கத்துக் கோடு பிறப்பைப் பார்க்கிறது. வள்ளலாருடையது தட்டைப் பார்க்கிறது, நாளைக்கே யாரும் தாண்டலாம். இரண்டும் ஒன்றில்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டதுண்டு.

தை மாதப் பூசத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். கூட்டம் அதிகம். பரிமாற ஆள் இல்லாததைப் பார்த்து அம்மா தானாகவே சாம்பார் சாதக் கரண்டியை எடுத்தாள். பெரியவர் ஒருவர், "சைவந்தானேம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. நேத்துகூட மீன் வாங்கினேன்."

"அப்போ நீங்க உட்காருங்கம்மா. முதல்ல சாப்பிடுங்க" என்றார், அவ்வளவு பிரியமாக. கரண்டியை மெதுவாக வாங்கி என்னிடம் கொடுத்தார். மூட்டு வலிக்காரியை உட்கார வைத்த மரியாதையா, பசியாற்றுவதோடு சரி என்ற விதியா? அவரிடம் கேட்கவில்லை. அம்மாவின் பாக்குமட்டைத் தட்டில் நான்தான் சாதம் வைத்தேன். நிமிர்ந்து பார்க்காமல், "கொஞ்சமா வைப்பா" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் உப்பு கம்மி என்று மட்டும் சொன்னாள்.

நான் சங்கத்தை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவால் படி இறங்க முடிவதில்லை என்பதால் மீன் வாங்கப் போவதும் இப்போது நான்தான். செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கணும் என்று சொல்லி அனுப்புகிறாள். அந்தப் பார்வை மட்டும் எனக்கு இன்னும் போகவில்லை.