விழுப்புரம் தாண்டியாச்சு!

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகிற சாலையில், சேலையூர் கேம்ப் ரோடு தாண்டியதும், மேடவாக்கம் வருவதற்கு நிறைய முன்னால், பஸ் ஒரு குலுக்கு குலுக்கி நிற்கும். ராஜகீழ்ப்பாக்கம். பெயரில்தான் ராஜா இருக்கிறார். நேரில் யாரும் பார்த்ததில்லை. ஒரு ஏரி இருக்கிறது. மாடம்பாக்கத்துக்குத் திரும்புகிற முக்கு இருக்கிறது. அப்புறம், தெருவுக்குத் தெரு ரிடையர்டு தம்பதிகள் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் லோன் போட்டு மனை வாங்கி, மழைக்காலத்தில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள். இப்போது பிள்ளைகள் நியூஜெர்ஸியில். இவர்கள் மோட்டாரைப் போட்டுவிட்டு, மாடித் தொட்டி நிரம்புகிற சத்தத்துக்குக் காதைத் தீட்டியபடி இங்கே.

அமெரிக்காவில் ரிடையரானவர்கள் வேறு மாதிரி. வீட்டை விற்றுவிட்டு, படுக்கை, சமையலறை, பாத்ரூம் சகலமும் வைத்த பெரிய வேன் ஒன்றை வாங்கி, புருஷனும் பெண்டாட்டியும் கிளம்பிவிடுவார்கள். ஆர்.வி. என்று அதற்குப் பெயர். குளிர் அடித்தால் அரிசோனா, வெயில் அடித்தால் வடக்கே. நம் ஊரில் இதை கேரவன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கேரவன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது, ஷூட்டிங்கில் ஹீரோ ஏ.சி. போட்டுக்கொண்டு இறங்கி வராமல் அடம்பிடிக்கிற வண்டி!

எங்கள் தெரு ஸாரும் டீச்சரும் (ஸார் பாங்க்கில் இருந்தவர், டீச்சர் கணக்கு டீச்சர்) கேரவனுக்கு எங்கே போவார்கள்? 2018-ல் செகண்ட் ஹாண்டில் ஒரு மாருதி ஓம்னி வாங்கினார்கள். 796 சி.சி. தமிழ் சினிமாவில் கதாநாயகியைக் கடத்துவதற்கென்றே தயாரிக்கப்பட்ட அதே வண்டி. 2019-ல் கம்பெனி அதன் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. கடத்தல்காரர்கள் இப்போது என்ன செய்கிறார்களோ தெரியவில்லை. ஸார் அதில் பின் சீட்டை மடக்கி, ஆசாரியைக் கூப்பிட்டுப் பலகை அடித்து, மேலே இலவம்பஞ்சு மெத்தை போட்டார். ஜன்னலுக்கு டீச்சரின் பழைய வாயில் புடவையில் திரை. ஒரு சின்ன ஸ்டவ், ஒரு தண்ணீர் கேன், ஒரு ஃபிளாஸ்க். ஆர்.வி. ரெடி.

திட்டம் என்னவென்றால், 2020 ஏப்ரலில் ஸாருக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன். மே மாதம் விழுப்புரம், திருச்சி, மதுரை என்று நிதானமாக நின்று நின்று தனுஷ்கோடி வரை. அங்கே வேனின் பக்கவாட்டுக் கதவைத் தள்ளித் திறந்து வைத்து, உள்ளே உட்கார்ந்தபடி கடலைப் பார்த்துக் காபி குடிப்பது.

மார்ச் 25-ந்தேதி நாடே பூட்டிக்கொண்டது.

கண் ஆபரேஷன், 'அவசரமில்லை' என்று தள்ளிப்போனது. மே மாதம் வந்த மத்திய அரசின் உத்தரவு, 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் அவசியமில்லாமல் வெளியே வரக்கூடாது என்றது. ஸாருக்கு 66. டீச்சருக்கு 63. ஆக, சட்டப்படி டீச்சர் வெளியே போகலாம். ஆனால் டீச்சருக்கு டிரைவிங் தெரியாது!

மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ். அதற்குக் கல்யாணம், மருத்துவம், சாவு என்று காரணம் காட்ட வேண்டும். "சும்மா ஊர் சுத்தணும்னு ஒரு காலம் இல்லையேப்பா" என்று கம்ப்யூட்டர் தெரிந்த பையன்களிடமெல்லாம் ஸார் கேட்டுப் பார்த்தார். இல்லை.

அந்தக் கோடையில் ராஜகீழ்ப்பாக்கம் எப்படி இருந்தது என்று இப்போது சொன்னால் நம்பமாட்டீர்கள். வேளச்சேரி சாலையில் நாய்கள் நடுக்கோட்டில் படுத்துத் தூங்கின. வானத்தில் பயணி விமானம் கிடையாது. மார்ச் 25 முதல் மே 25 வரை உள்நாட்டு விமானங்கள் நிறுத்தம். மின்சார ரயிலின் சத்தம் ராத்திரியில் இங்கே வரை கேட்குமே, அதுவும் இல்லை. காலையில் காய்கறி வண்டிக்காரர் குரல். அதற்குப் பிறகு, மத்தியானத்தில் எல்லா வீட்டு டி.வி.யிலும் ஒரே சமயத்தில் அதே பழைய படம்.

ஓம்னி மட்டும் சும்மா இருக்கவில்லை. கத்திரி வெயிலில் அதன் கூரை கொதித்ததால், டீச்சர் மேலே பழைய வேட்டியை விரித்து ஜவ்வரிசி வடாம் பிழிந்தார். மொட்டை மாடி ஏற முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்பது உபரிக் காரணம். பாட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று ஸார் ஒருநாள் விட்டு ஒருநாள் வண்டியை ஸ்டார்ட் செய்து, கேட் வரை முன்னால் ஒரு தடவை, சுவர் வரை பின்னால் ஒரு தடவை. மொத்தம் பத்தடி. எதிர்வீட்டுப் பாட்டி முதல் வாரம், "எந்த ஊருக்கு?" என்று விசாரித்தார். அடுத்த வாரம் முதல், "வந்தாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமைதான் விசேஷம். நாலு மணிக்குப் புளியோதரை, அப்பளம், ஃபிளாஸ்க்கில் காபியோடு இருவரும் போர்ட்டிகோ வேனில் ஏறிவிடுவார்கள். ஸார் ஸ்டீரிங்கில். டீச்சர் பக்கத்தில், மடியில் ரோடு மேப். "திண்டிவனம் வந்துடுச்சுங்க." "டீ குடிக்கலாமா?" "இப்பத்தானே மேல்மருவத்தூர்ல குடிச்சீங்க?" கேட் பக்கம் போன என்னைப் பார்த்து ஸார் கண்ணாடியை இறக்கினார். "விழுப்புரம் தாண்டியாச்சு தம்பி. டிராஃபிக்கே இல்லை!"

சிரித்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பி.காம். படித்ததன் வியாதி அது.

கம்பெனி கார் என்றால் வருமான வரிக் கணக்கில் வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் எழுதலாம். மீதியில் 15, அந்த மீதியில் மறுபடி 15 என்று போய்க்கொண்டே இருக்கும், சைபராகவே ஆகாது. மனுஷத் தேய்மானம் அப்படி இல்லை. ராத்திரி எதிர் விளக்கு கூசாமல் வண்டி ஓட்டுவதும், மதுரை வரை முழங்கால் மடக்கி உட்காருவதும் எழுபது வயது வரை என்று வைத்துக்கொண்டால், ஸாருக்குக் கையில் இருந்தது நாலு கோடை. அதில் ஒன்று போர்ட்டிகோவில் போனது. 2021-ல் இரண்டாம் அலை. மே மாதம் மறுபடி ஊரடங்கு. அதுவும் போச்சு. நாலில் இரண்டு! ஆபீஸ் போகிற நமக்கு அது வீட்டிலிருந்து லேப்டாப் தட்டிய காலம். மிஞ்சிப் போனால் ஒரு இன்க்ரிமென்ட் நின்றது. இன்னும் முப்பது கோடை பாக்கி இருப்பவனுக்கு இரண்டு எவ்வளவு?

வேடிக்கையைக் கேளுங்கள். வண்டிகளின் ஆர்.சி., எஃப்.சி., லைசென்ஸுக்கெல்லாம் மத்திய அரசு கெடு நீட்டியது. 2020 பிப்ரவரியில் முடிந்த பேப்பர்கூட 2021 அக்டோபர் 31 வரை செல்லும் என்று தவணை தவணையாக நீட்டினார்கள். ஓம்னிக்குக் கெடு கிடைத்தது. ஓட்டுகிறவர் கண்ணுக்கும், பக்கத்தில் உட்காருகிறவர் முழங்காலுக்கும் கிடைக்கவில்லை.

அமெரிக்காவிலும் அந்த வசந்தத்தில் பல மாநிலங்கள் அரசுப் பூங்காக்களின் முகாம் மைதானங்களை மூடிவிட்டன. சக்கரத்தையே வீடாக்கிக்கொண்டவர்கள் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் முழித்தார்கள். வாங்க ஆளில்லாமல் அங்கே கச்சா எண்ணெய் விலை ஏப்ரல் 20-ந்தேதி பூஜ்யத்துக்கும் கீழே போனது. "எண்ணெயும் கொடுத்துக் காசும் கொடுக்கிறானாம், நம்ம வண்டி நிக்கறது!" என்று ஸார் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அங்கே நிலைமை தலைகீழ். ஓட்டலுக்கும் விமானத்துக்கும் பயந்தவர்களெல்லாம் ஆர்.வி. வாங்கக் கிளம்பி, 2021-ல் வட அமெரிக்கக் கம்பெனிகள் ஆறு லட்சம் வண்டிகள் அனுப்பின.

நம் ஊரில் 2020 செப்டம்பர் 1-ந்தேதி இ-பாஸ் ரத்தானது. அந்த வாரமே ஓம்னி கிளம்பிற்று. தனுஷ்கோடிக்கு அல்ல, ஒரு கண் மங்கலோடு அவ்வளவு தூரம் வேண்டாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். மதுராந்தகம் ஏரி. பகல் வெளிச்சத்தில் போய், கரையோரம் கதவைத் தள்ளித் திறந்து, காபி குடித்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பினார்கள். கூரையில் ஒட்டியிருந்த வடாம் ஒன்று மதுராந்தகம் வரை போய்வந்தது.

டிசம்பரில் ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. ஆனால் அடுத்த கோடையில் ஊரடங்கு. ஜூலை 2, 2021-ல் சென்னையில் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியது. வண்டி நின்ற முதல் மே மாதத்தில் 75 ரூபாய் சொச்சம். டீச்சரின் முழங்காலுக்கு டாக்டர் பெல்ட் எழுதிக் கொடுத்தார். நீண்ட நேரம் வேனில் உட்காரக்கூடாது.

கடைசியில் 2022 மார்ச்சில் தாம்பரத்தில் ராமேஸ்வரம் ரயில் ஏறினார்கள். 2020 மார்ச் 20-லிருந்து மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை நிறுத்தப்பட்டிருந்ததால் முழு டிக்கெட். கீழ் பர்த் மட்டும் கிடைத்தது. பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது ஸார் எனக்கு வீடியோ அனுப்பினார். கடல் தெரியவில்லை, பாதி ஜன்னல் கம்பி, பாதி அவர் கட்டைவிரல்.

திரும்பி வந்ததும், "வேன்ல போகலையேன்னு வருத்தமா டீச்சர்?" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லைப்பா. வேன்ல போயிருந்தா இவர் இன்னும் மேல்மருவத்தூர்லயே டீ குடிச்சிட்டிருப்பார்."

ஸார் பதில் சொல்லவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்.