இரு கரைச் சேலை

காஞ்சிபுரம் போகிறவர்கள் காமாட்சியம்மனைத் தரிசித்து, காந்தி ரோட்டில் பட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் போனால், பிள்ளையார்பாளையத்துத் தறி ஒன்றையும் எட்டிப் பாருங்கள். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் ஓடும். இரு கரைகளுக்கு இரண்டு, உடலுக்கு ஒன்று. கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்துவிடுவதால் நிறங்களும் கலப்பதில்லை; சேலையும் பிரிவதில்லை.

இப்படி நெய்த முகூர்த்தப் புடவைகள் கடல் தாண்டியும் போகின்றன. மலேசியாவின் ஜோகூர்பாருவில் வீடு, சிங்கப்பூரில் உத்தியோகம் என்று வாழும் தமிழர்கள் உண்டு. நடுவே இருப்பது, கடலைத் தூர்த்து 1924-ல் திறந்த, ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான பாதை. 1965-ல் சிங்கப்பூர் தனி நாடான பின் அது இரு தேசங்களின் எல்லையாயிற்று. விடியுமுன் புறப்பட்டு, இரண்டு சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்றுதான் வேலைக்குப் போக வேண்டும்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பெண் ஒருத்தி ஜோகூர்க்காரரை மணந்து அங்கே குடியேறுவதாக வைத்துக்கொள்வோம். தாலி ஏறியதும் அந்நாட்டுப் பிரஜையாகிவிட்டாள் என்று பாட்டி நினைக்கலாம். சட்டம் அப்படி நினைப்பதில்லை! தங்குவதற்கு மலேசியாவின் நீண்டகால அனுமதி வேண்டும். அதற்கு ஆதாரம் கணவர். வேலைக்குச் சிங்கப்பூரின் அனுமதி வேண்டும்; அதற்கு ஆதாரம் முதலாளி. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. வேலை போனால் ஒன்று போகும். இல்லறம் முறிந்தால் மற்றொன்று ஆட்டங்காணும். பின்னாளில் மலேசியக் குடியுரிமை கிடைத்தால், இந்தியக் குடியுரிமையை விட்டுவிட வேண்டியதுதான். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள இரு நாடுகளும் இடங்கொடுப்பதில்லை.

ஆகவே, தாய்மார்களே, நகையும் சீரும் பேசுகிற அன்றே இந்தக் காகிதங்களைப் பற்றியும் பேசிவிடுங்கள். அனுமதி எப்போது முடிகிறது? யார் கூடப் போய்ப் புதுப்பிப்பது? மாப்பிள்ளை வீட்டார் எத்தனை நல்லவர்களானாலும், பெண்ணின் பாஸ்போர்ட் அவள் பெட்டியிலேயே இருக்கட்டும்.

இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டாம். காஞ்சியில் மாமரத்தடியில் ஏகாம்பரநாதரை மணந்தாள் அம்பிகை. பங்குனி உத்திரத்தில் அந்தக் கல்யாணத்தை ஊரே கூடிக் கொண்டாடுகிறது. ஆனாலும் காமாட்சிக்கென்று தனிக்கோயில் அங்கே இருக்கத்தான் இருக்கிறது. அதனால் அந்தத் தம்பதிக்குள் மனஸ்தாபம் என்று யாரும் சொன்னதில்லை!